திருகோணமலையில் பேயாக ஒன்பது நாள்

திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் நான் செத்துப்போயிருந்தேன். உட்துறைமுகத்தைப் பார்த்த ஒரு பழைய வீட்டின் சமையலறையில், அவர்கள் சொல்கிற குசினியில், என்னை உட்காரவைத்து, முகத்தில் பசை தடவி, டிஷ்யூ தாளைக் கிழித்து ஒட்டி, அதன்மேல் அரிசி மாவையும் காப்பித்தூளையும் குழைத்துப் பூசினார்கள். மேக்கப் போட்ட பெண் அந்த ஊரில் கல்யாணப் பெண்களை அலங்கரிக்கிறவள். "அக்கா, நான் இவ்வளவு நாளும் ஆக்களை வடிவாக்கித்தான் பழக்கம். கோவிக்காதீங்க," என்றாள். கண்ணில் வெள்ளை லென்ஸ் போட்டதும் எதிரே இருந்த எல்லாமே பாலுக்குள் விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

நான் சென்னையில் இருபது வருடமாகச் சின்ன வேஷங்கள் கட்டுகிறவள். நர்ஸ், ஏட்டம்மா, கதாநாயகியின் சித்தி. ஒரு படத்தில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வருகிற வேஷம் எனக்கு இதுதான் முதல் தடவை. பேய் என்றால் என்ன, முழுப் படமும் வருகிறதே என்று கிளம்பிவிட்டேன்.

இயக்குநர் துஷ்யந்தனுக்கு முப்பத்து நாலு வயது. ஊரில் கணினி வகுப்பு நடத்துகிறார். என்னுடைய பழைய மேடை நாடகம் ஒன்றை யாரோ இணையத்தில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு எழுதினார். கதை எளிமையானது. செலின் என்ற பெண்ணின் கணவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. சோறு சமைத்து மூடி வைத்துக் காத்திருந்து காத்திருந்து அவளும் செத்துப்போகிறாள். ஆனால் காத்திருப்பதை நிறுத்தவில்லை. வாசலில் யார் நடமாடினாலும் அவர்தான் வந்துவிட்டார் என்று உள்ளே கூப்பிடுகிறாள். உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை.

பேய்ப்படம் என்றால் ராத்திரியில் எடுப்பார்கள் என்று நினைத்துப் போயிருந்தேன். வீதியில் இரண்டு பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்களாம். அதனால் ராத்திரியில் சத்தம் கூடாது என்று அயலவர்கள் சொல்லிவிட்டார்கள். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புப் பொலித்தீன் அடித்து, நண்பகலில் நள்ளிரவு செய்தோம். விளக்கின் சுடர் ஆடக்கூடாது என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். உச்சி வெயிலில் அடைத்துப் பூட்டிய வீட்டுக்குள் முகத்தில் மாவோடு நின்றவர்களுக்குத்தான் அந்தச் சூடு தெரியும். மே மாதச் சென்னையே தேவலை.

மதியம் சாப்பாட்டுப் பார்சல் வந்தது. சோறு, பாரை மீன் குழம்பு, கத்தரிக்காய், அப்பளம். குழம்பின் வாசனை மூக்கைத் துளைக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் கன்னத்தில் ஒட்டிய தோல் பிய்ந்துவிடும். தேங்காய்ப்பால் விட்ட சொதியை மட்டும் கேட்டு வாங்கி, உறிஞ்சுகுழாய் வைத்துக் குடித்தேன். செத்த பிறகும் பசிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் வேலை நாலு மணிக்கே முடிந்தது. முகம் கழுவப் போனால் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. விடுதியில் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று, லென்ஸை மட்டும் கழற்றிவிட்டு, அந்தக் கோலத்தோடேயே ஆட்டோவில் ஏறினேன். படக்குழுவை ஏற்றி இறக்குகிற ஆட்டோ அது. ஓட்டுகிறவர் கிண்ணியாக்காரர், நஸீர். முதல் நாள் எங்கள் ஊர் வழக்கப்படி "நஸீர் பாய்" என்று கூப்பிட்டேன். "பாய் எண்டால் இங்க விரிச்சுப் படுக்கிறது, அக்கா. நானா எண்டு சொல்லுங்க," என்றார். அண்ணன் என்று அர்த்தமாம். அதிலிருந்து நஸீர் நானா.

போகிற வழியில், சரியாகக் கடற்படை முகாமின் வாசலுக்கு நேரே ஆட்டோ நின்றுவிட்டது. நானா இறங்கி பின்பக்கத்தைத் திறந்து கிண்டுகிறார். காவலுக்கு நின்ற சிப்பாய் மெல்ல நடந்து வந்து, குனிந்து உள்ளே பார்த்தார். பார்த்த வேகத்தில் இரண்டடி பின்னால் போய்விட்டார். பிறகு சிங்களத்தில் ஏதோ கேட்க, நானாவும் சிங்களத்தில் பதில் சொன்னார். என்ன பேசினார்கள் என்று நானா பிறகு எனக்குச் சொன்னார்.

"இது என்ன?"

"நடிகை. இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்."

"இந்தியாவில் நடிகைகள் எல்லோரும் இப்படியா இருக்கிறார்கள்?"

நான் பதறிப்போய்க் கடவுச்சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். எந்த அதிகாரியாலும் அந்த இரண்டையும் ஒரே ஆள் என்று ஒப்புக்கொள்ள முடியாது. நல்ல மனிதர், சிரித்துவிட்டார். இன்னொரு சிப்பாயையும் கூப்பிட்டு ஆட்டோவை நூறு அடி தள்ளிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் குப்பைத் தொட்டியடியில் நின்ற புள்ளிமான் ஒன்று, வாயில் வாழைப்பழத் தோலோடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. சென்னையில் தெருவுக்குத் தெரு மாடு நிற்கிற மாதிரி இங்கே மான் நிற்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நானா மறுபடி எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கி கட்டிய ஒரு வண்டி மெதுவாகக் கடந்துபோனது. புடவைக்கடை ஒன்றின் மலிவு விற்பனை அறிவிப்பு. ஒரு பெண் குரல். அப்படியொரு தெளிவான குரலை நான் ஒலிபெருக்கியில் கேட்டதில்லை. ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்த கண்ணாடி மாதிரி விழுந்தது.

"கேட்டீங்களா அக்கா," என்றார் நானா, தலையைத் தூக்காமலே. "இதுதான் உங்கட குரல்."

"என் குரலா?"

"ஓம். றெஜினா மிஸ். மருந்துக்கடையில நிக்கிறவ. படத்தில உங்களுக்கு அவதானே கதைக்கப்போறா? போன கிழமை குரல் பாக்க நான்தான் ஏத்திக்கொண்டு வந்தனான்."

வண்டி கிளம்பியதும் விடுதிக்குப் போய், வாளியில் தண்ணீர் பிடித்து, அரை மணி நேரம் முகத்தைத் தேய்த்தேன். மாவு போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கரகரத்த குரல். பிறவியிலேயே அப்படி. மேடையில் அது பெரிய பலம். மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் போகும். சினிமாவில் அது குறை. முதல் படத்திலேயே "முகம் ஓகே, வாய்ஸ் வேற போட்டுக்கலாம்" என்றார்கள். அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். நான் திரையில் வந்து நாலு வார்த்தை பேசியதும் அம்மா என் பக்கம் திரும்பி, "வாய் உன்னுது. பேசுறது யாரு?" என்று கேட்டாள். அதன்பிறகு அவளை எந்தப் படத்துக்கும் கூட்டிப்போகவில்லை. இருபது வருடத்தில் எனக்குப் பேசிய பெண்கள் எட்டுப் பத்துப் பேராவது இருப்பார்கள். ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, மேக்கப்புக்கு உட்காருவதற்கு முன் துஷ்யந்தனிடம் நேரடியாகக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

"அக்கா, உங்கட நடிப்பில எனக்கு ஒரு குறையும் இல்லை. குரலும் எனக்கு விருப்பம். ஆனா செலின் இந்த ஊர் மனிசி. நீங்கள் வாயைத் திறந்தால் சென்னை வருது. எங்கட சனம் சிரிக்கும். பேய்ப்படத்தில சனம் ஒருக்காச் சிரிச்சால் அதோட படம் முடிஞ்சுது."

அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. எங்கள் ஊர்ப் படங்களில் இலங்கைத் தமிழ் என்ற பெயரில் பேசுவதைக் கேட்டு இங்கே வீட்டுக்கு வீடு சிரிக்கிறார்கள் என்று விடுதியிலேயே சொல்லியிருந்தார்கள்.

"கதவு சீன் என்னைக்கு எடுக்கப்போறீங்க?" என்று கேட்டேன். கதவு சீன்தான் படத்தின் உயிர். செலின் பூட்டிய கதவுக்கு உள்ளே, சற்றுத் தள்ளி நின்று, வெளியே நிற்கிறவனைக் கணவன் என்று நினைத்துப் பேசுகிறாள். ஒரே ஷாட். இரண்டரை நிமிடம்.

"ஏழாம் நாள்."

"அதை மட்டும் லைவ்ல எடுங்க. நான் பேசுறேன். யாராவது சிரிச்சா, அப்புறம் உங்க இஷ்டம்."

"நாலு நாளில ஏலாது, அக்கா."

"ஏலும்," என்றேன். முடியும் என்று அர்த்தம். நான் பேசிய முதல் இலங்கைச் சொல் அது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி. மூண்டு தரம் எடுப்பன். அதுக்கு மேல உங்கட முகம் சூட்டில நிக்காது."

அன்று சாயங்காலம் மருந்துக்கடையைத் தேடிப் போனேன். கவுன்டருக்குப் பின்னால், கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். யாருக்கோ மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதே குரல். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் பக்கத்தில் போய், "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்," என்றேன்.

அவள் முகம் இறுகிவிட்டது. "என்னைப் பேசவோ? ஏன், நான் என்ன பிழை செய்தனான்?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லைங்க, சும்மா பேசத்தான் வந்தேன்," என்று இன்னும் கெடுத்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சட்டென்று சிரித்தாள்.

"ஆ! நீங்கள் இந்தியாவில இருந்து வந்த ஆள். கதைக்க வந்தனீங்கள். இங்க பேசுறது எண்டால் ஏசுறது."

கடை மூடியதும் எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். பிளேன்டீயும், மீன் வைத்துப் பொரித்த பற்றீசும். காப்பிக்கு ஏங்கிக்கொண்டிருந்த நான் அன்றைக்கு இரண்டாவது கோப்பையோடு பிளேன்டீக்கு மாறிவிட்டேன். பால் இல்லாமல், இஞ்சி தட்டிப் போட்டு, சீனி தூக்கலாக. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கதவு சீனை நானே பேசப்போகிறேன், அதற்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்றேன்.

றெஜினா கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப நான்?"

அதுவரைக்கும் நான் அதை யோசிக்கவே இல்லை. சத்தியமாக இல்லை. எனக்கு என் நியாயம் மட்டும்தான் தெரிந்திருந்தது. அவள் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கிறவள். கடைத்திறப்பு, விளையாட்டுப் போட்டி, செத்தவீட்டு அறிவித்தல் எல்லாவற்றுக்கும் அவள் குரல்தான். "ஒலிபெருக்கியில கதைக்கிற ஆளின்ட பேரைச் சொல்லுறேல்லை," என்றாள். "இந்தப் படத்தில பேர் போடுறன் எண்டு துஷ்யந்தன் சொன்னவர். மட்டக்களப்பில இருக்கிற தங்கச்சிக்கும் சொல்லிப்போட்டன்."

அங்கேயே எழுந்து, வேண்டாம், நீங்களே பேசுங்கள் என்று சொல்லியிருந்தால் நான் நல்லவள். சொல்லவில்லை. "எனக்கு இந்த ஒரு சீன் வேணும், றெஜினா," என்றேன்.

அவள் பற்றீசை முழுவதும் தின்று முடித்து, கையைத் துடைத்தாள். "நீங்கள் எனக்குத் தெரியாமலே செய்திருக்கலாம். வந்து கேட்டனீங்கள். பழக்கித் தாறன். ஆனா சீன் எடுக்கிற அண்டைக்கு நானும் அங்க இருப்பன். நீங்கள் பிழை விட்டால் பிழை எண்டு சொல்லுவன். பாவம் பாக்க மாட்டன்."

"பார்க்கவேணாம்."

நாலாம் நாள் தொடங்கி, காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் பாடம். அவளுக்கு எட்டரைக்குக் கடை, எனக்கு ஒன்பதுக்கு மேக்கப். கரைவலை இழுக்கிறவர்களைத் தாண்டி நடந்துகொண்டே வசனம் சொல்லுவேன். அவள் முன்னால் போவாள், திரும்பிப் பார்க்கமாட்டாள். பிழை வந்தால் நின்றுவிடுவாள். முதல் நாள் நாங்கள் இருபது அடிகூட நகரவில்லை.

"கடைசி எழுத்தை இழுக்கிறீங்கள். நாங்கள் விட்டிடுவம்."

"வந்தீங்களா இல்லை. வந்தனீங்களோ."

"இப்ப நீங்கள் பாடுறீங்கள். கதையுங்கோ."

என்னை அதிகம் படுத்திய சொல் 'ஏலாது'தான். வசனத்தில் 'எனக்குக் கதவடிக்கு வர ஏலாது' என்று வருகிறது. நான் அதை 'முடியாது' என்கிற வேகத்தில் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"முடியாது எண்டு நீங்கள் சொல்லேக்க அதில ஒரு அடம் இருக்கு. இது அப்பிடி இல்லை. வருத்தம், நோய் வந்து படுத்த ஆளையும் 'அவவுக்கு ஏலாது' எண்டுதான் சொல்லுவம். செலின் மாட்டன் எண்டு சொல்லேல்லை. அவவுக்கு ஏலாது."

அதைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கெல்லாம் அடைத்த வீட்டுக்குள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடையில் 'ஏலாது, ஏலாது' என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். மேக்கப் பெண் பயந்துபோய், "அக்காவுக்குச் சுகமில்லையோ?" என்று துஷ்யந்தனிடம் கேட்டாளாம்.

ஐந்தாம் நாள் கடலில் ஒரு ஷாட். நான் படகில் நின்றபடி கரையைப் பார்க்க வேண்டும். குடாவின் நடுவில் எஞ்சின் அணைந்துபோய், காற்று எங்களைக் கடற்படைப் பக்கமாகத் தள்ளத் தொடங்கியது. படகோட்டி கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார், பிறகு துடுப்பை எடுத்தார். துஷ்யந்தன் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தார், அங்கிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் நல்லவர்கள் என்று காட்டுவதற்காக. வெள்ளைக் கண்ணோடு ஒரு பேய் நடுவில் நிற்கும்போது யார் நம்புவார்கள்? நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மீன்படகு ஒன்று வந்து கட்டி இழுத்துப் போனது. அந்த ஒரு மணி நேரமும் படகோட்டியிடம் கதைகேட்டுக்கொண்டு வந்தேன். எந்த மீன் எந்த மாதம், யார் யாருக்குச் சொந்தம். காதைத் தீட்டிக்கொண்டு அவர் வாயையே பார்த்தேன்.

விடுதியில் சமைக்கிற பூமணியையும் விடவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் மீன் சொதியும் வைத்துவிட்டு அவள் எதையாவது சொல்லத் தொடங்கினால் நான் குசினியிலேயே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். ஈச்சிலம்பற்றுக்காரி, தெற்கே ஒரு கிராமம். பேச்சில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் 'மறுகா, மறுகா' என்பாள். பிறகு என்று அர்த்தம். எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஆறாம் நாள் காலை கடற்கரையில், வசனத்தின் நடுவில் ஒரு மறுகாவைப் போட்டேன், ரொம்பப் பெருமையாக.

றெஜினா நின்றாள். இந்தத் தடவை திரும்பியும் பார்த்தாள். "இதெங்க பொறுக்கினது?"

"பூமணிகிட்ட."

"அது அந்தப் பக்கத்தில கதைக்கிற விதம். செலின் டவுன் மனிசி." சொல்லிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குச் சீன். நீங்கள் இப்ப பாதி ஈச்சிலம்பற்று, பாதிச் சென்னை."

அன்று மதியத்துக்கு மேல் எனக்கு ஷாட் இல்லை. அவளும் கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அவள் வீட்டில், குசினித் தரையில் உட்கார்ந்து, அவள் தேங்காய் துருவத் துருவ நான் சொன்னேன். நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். கடைசியில் அவள் துருவுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

ஏழாம் நாள். ஒலிப்பதிவாளர் கொழும்பிலிருந்து வந்தவர், சிங்களவர், தமிழ் தெரியாது. றெஜினா அவருக்குப் பக்கத்தில் இன்னொரு காதொலிப்பானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சீனன்குடாப் பக்கம் பயிற்சி விமானம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அது போகும்வரைக்கும் முக்கால் மணி நேரம், மூடிய கதவுக்குப் பின்னால், மாவு கழுத்துக்கு வழிய நின்றேன்.

முதல் தடவை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் உணர்ச்சி வந்தது. வந்ததும், 'தண்ணி குடிச்சீங்களா' என்று வாயிலிருந்து விழுந்தது. றெஜினா கையைத் தூக்கிவிட்டாள். "பிழை," என்றாள், வாசகம் வாசிக்கிற அதே தெளிவோடு. யாரோ பின்னால் மெதுவாகச் சிரித்தார்கள்.

இரண்டாம் தடவை, முதல் வரியிலேயே துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. நீளமாக ஊதியது. துஷ்யந்தன் தலையில் கை வைத்தார். மேக்கப் பெண் ஓடி வந்து என் தாடையில் தொங்கிய தோலை மறுபடி ஒட்டினாள். "அக்கா, இது கடைசி. இதுக்கு மேல ஒட்டாது," என்றாள்.

மூன்றாம் தடவைக்கு முன்னால் நான் ஒரே ஒரு முடிவு செய்தேன். உணர்ச்சி வந்தால் விழுங்கிவிட வேண்டும். இந்தப் பெண் அழமாட்டாள். சோறு போட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்வதற்கு யார் அழுவார்கள்?

"ஆர் அது?" என்றேன். "நீங்களோ? ஏன் படலையடியில நிக்கிறீங்கள், உள்ளுக்கு வாங்கோ. சோறு போட்டு மூடி வச்சிருக்கிறன். மீன் ஆறிப்போச்சு. சூடாக்கித் தாறன். தண்ணி குடிச்சனீங்களோ? ஏன் ஒண்டும் கதைக்கிறீங்கள் இல்லை? எனக்குக் கதவடிக்கு வர ஏலாது. நீங்கள் வாங்கோ."

அந்த ஏலாதுவில் குரல் பாதியில் உடைந்தது. நான் உடைக்கவில்லை, அதுவாக. அதன்பிறகு, வசனத்தாளில் எழுதியிருந்தபடி, நெடுநேரம் சும்மா நின்றேன். வெளியே இருந்து பதில் வரவில்லை.

"நீங்கள்தானே?" என்றேன் கடைசியில்.

துஷ்யந்தன் கட் சொல்ல மறந்துவிட்டார். மேக்கப் பெண் பவுடர் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றி ஏதோ சிங்களத்தில் சொன்னார். நஸீர் நானா மொழிபெயர்த்தார்: "மூச்சுச் சத்தம் கொஞ்சம் அதிகம்தானாம். ஆனா அதை வெட்டவேண்டாமாம், அப்பிடியே இருக்கட்டுமாம்."

எல்லோரும் றெஜினாவைப் பார்த்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஒரு இடத்தில இந்தியா வந்தது. 'வாங்கோ'வில. மற்றதெல்லாம் சரி." கண்ணாடியை மறுபடி மாட்டினாள். "ஆனா இது செத்த மனிசிதானே. அவ கதைக்கிறது கொஞ்சம் மாறியிருந்தால் ஆருக்குத் தெரியும்?"

துஷ்யந்தன் சந்தோஷத்தில் எழுந்தார். றெஜினா அவரை உட்காரச் சொன்னாள்.

"இருங்கோ, நான் இன்னும் முடிக்கேல்லை. செத்த செலினை அக்கா எடுக்கட்டும். உயிரோட இருக்கிற செலின் எனக்கு. முதல் அரைமணித்தியாலம் அவ வீட்டில இருக்கிறா, புருசனோட கதைக்கிறா, உடுப்பு மடிக்கிறா. அதெல்லாம் நான்தான். என்ட பேரும் வரவேணும்."

"ஒரு ஆளுக்கு ரெண்டு குரலோ?" என்றார் துஷ்யந்தன்.

"செத்தாப்பிறகும் அதே குரல் இருக்குமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு முழுப் படமும் வேண்டும் என்று இருந்தது. பொய் சொல்லப்போவதில்லை. இத்தனை தூரம் வந்து, இத்தனை நாள் விடியற்காலையில் எழுந்து, கடைசியில் பாதிதானா? ஆனால் என் பிழையைப் பிழை என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள், சரியையும் சரி என்று சொல்லியிருந்தாள். சொல்லாமல் விட்டிருந்தால் முழுப் படமும் அவளுக்கே போயிருக்கும்.

"அவங்க சொல்றது சரி," என்றேன்.

எட்டாம் நாள் மிச்சமிருந்த ஷாட்டுகளை முடித்தோம். கோணேசர் கோயிலைப் பார்த்தீர்களா, வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனீர்களா என்று ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்டார்கள். ஒன்றுக்கும் போகவில்லை. நான் பார்த்த திருகோணமலை ஒரு அடைத்த வீடு, ஒரு கடற்கரை, ஒரு மருந்துக்கடை, பூமணியின் புட்டு.

ஒன்பதாம் நாள் மதியம் எனக்குக் கொழும்பு பஸ். ஒலிப்பதிவுக் கருவிகளும் அன்றே கொழும்புக்குத் திரும்ப வேண்டும் என்பதால் றெஜினாவின் பகுதியைக் காலையிலேயே பதிவு செய்ய ஏற்பாடு. துஷ்யந்தன் வீட்டு அறையொன்றில் சுவர் முழுக்க மெத்தைகளைச் சாத்தியிருந்தார்கள். விடைபெற்றுக்கொண்டு போகத்தான் எட்டிப்பார்த்தேன்.

சின்னத் திரையில் நான் கட்டிலில் உட்கார்ந்து ஒரு சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். மேக்கப் இல்லாத முகம். றெஜினா மைக்குக்கு முன்னால் நின்று, "எப்ப வருவீங்கள்?" என்றாள். குரல் அழகாக இருந்தது. ஆனால் முகத்தில் ஒட்டவில்லை. புடவைக்கடை அறிவிப்பு மாதிரி இருந்தது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அப்படியே. நாலாவது தடவை அவளுக்கே தெரிந்துவிட்டது. "எனக்கு வராது போல," என்றாள் துஷ்யந்தனிடம், சின்னக் குரலில்.

எனக்குள் ஒரு பொல்லாத சந்தோஷம் எட்டிப்பார்த்தது. வந்ததை வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் அதோடு நின்றேன். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"றெஜினா, வசனத்தைப் பார்க்காதீங்க. என் தோளைப் பாருங்க," என்று திரையைத் தொட்டுக் காட்டினேன். "இங்க மூச்சை இழுத்திருக்கேன், தோள் ஏறுது பாருங்க. நீங்களும் அங்கேயே இழுங்க. அப்புறம் உடனே சொல்லக்கூடாது. சட்டைக் கையை மடிக்கிறேன் இல்லையா, அது முடியட்டும். கேட்கலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டுதான் மடிக்கிறேன்."

நான் திரைக்குப் பக்கத்தில் நின்று, அவள் பார்க்கும்படி மூச்சை இழுத்தேன். அவளும் இழுத்தாள். திரையில் என் விரல்கள் சட்டைக் கையை மடித்து முடித்தன.

"எப்ப வருவீங்கள்?" என்றாள்.

திரையிலிருந்த பெண் முதல் தடவையாக ஒரு கணவனிடம் பேசினாள். அது என் முகம், அவள் குரல், எனக்கு அது அந்நியமாகவே தெரியவில்லை.

ஒலிப்பதிவாளர் கட்டைவிரலைத் தூக்கினார். "அடுத்ததுக்கும் நில்லுங்கோ, அக்கா," என்றாள் றெஜினா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நின்றேன். அதற்கடுத்ததற்கும் நின்றேன்.

வெளியே நஸீர் நானா ஹாரன் அடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இன்னும் பதினொரு வசனம் இருந்தது. ஜன்னலில் சாத்தியிருந்த மெத்தையை ஒதுக்கி, "நானா, நான் அடுத்த பஸ்ஸில வாறன்," என்று கத்தினேன். அவர் எஞ்சினை அணைக்கும் சத்தம் கேட்டது. மெத்தையைச் சரியாக மூடிவிட்டு வந்து, மறுபடி திரைக்குப் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்தேன்.